இருட்டில் ஓட்டியவர்கள்

அன்புள்ள ஐயா,

பர்மிங்ஹாமில் இருக்கும் என் மகன், இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிஎஸ்ஏ எம்20 மோட்டார் சைக்கிளைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, பிரிட்டிஷ் ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசென்ற டிஸ்பாட்ச் ரைடர்களின் சீருடையில் கண்காட்சிகளுக்குப் போகிறான். மிக முதிய போர்வீரர்கள் சிலர் அவனிடம் வந்து பேசுகிறார்களாம். போரையே காணாதவர்கள் அந்த உடையை அணிவது வேடமல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் 1,26,000 எம்20 வண்டிகள் செய்யப்பட்டதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமிருக்காது. வேடமா என்பதற்கு, உங்கள் மகனைத் தேடி வந்து பேசும் அந்தப் பெரியவர்களே விடை சொல்லிவிட்டார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மகனிடம் கேட்கவே தோன்றவில்லையா?

கென்ட்டில் நடந்த ராணுவ வாகனக் கண்காட்சி ஒன்றில், சக்கர நாற்காலியில் வந்த முதியவர் ஒருவர் எம்20இன் கைப்பிடியைப் பற்றியதைக் கண்டேன். அவருக்கு நினைவு தப்பிவிட்டதாகப் பேத்தி சொல்லியிருந்தார். ஆனால் அவர் விரல் நேராக, எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் இக்னிஷன் நெம்புகோலுக்குப் போனது. தீப்பொறியைத் தாமதப்படுத்தாமல் உதைத்தால், வண்டியைக் கிளப்பும் மிதியான கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும் என்பதை அந்த விரல் மறக்கவில்லை. அதன்பின் பேச்சு வந்தது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஊரே இருட்டாக்கப்பட்ட அந்நாளில், மூடியிட்ட முகப்பு விளக்கின் கீற்று வெளிச்சத்தில் ஓட்டியதையும், விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதி நண்பன் இறந்ததையும் சொன்னார். பகைவரின் குண்டு பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அந்த நேரத்தில், சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் குறுக்கிட்டு, பெட்ரோல் டாங்கில் அன்று இருந்தது பழுப்புச் சாயமா பச்சையா என்று கேட்டார். பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சாயத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் தலையைப் பற்றி ஏன் கேட்பதில்லை? 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட, முதல் உலகப்போரில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் அதிகாரி அரேபிய லாரன்ஸுக்கு மருத்துவம் பார்த்தவர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் சென்ற 2,279 பேர் இறந்ததை அவர் 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். தலைக்காயமே பெரிய எமன் என்றும், தலைக்கவசம் உயிர் காக்கும் என்றும் காட்டினார். அந்த நவம்பரில்தான் பணியில் வண்டி ஓட்டும் வீரர்களுக்கு ராணுவம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஆகவே ஒரு முதியவர் அதற்கு முன் ஓட்டினாரா, பின் ஓட்டினாரா, தலையில் என்ன அணிந்திருந்தார், உடன் ஓட்டியவர்களில் எத்தனை பேர் இருட்டில் மோதி இறந்தார்கள் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றைக் கேளாமல் பொத்தானையும் பட்டையையும் சரிபார்ப்பது, என் பார்வையில், அந்த மனிதர்களை அவமதிப்பதாகும்.

உங்கள் மகன் அப்படிப்பட்டவர் அல்லர் என்று நம்புகிறேன். அந்தப் பெரியவர்கள் தாமாக வந்து அவரிடம் பேசுகிறார்களே. அடுத்த முறை ஒரு ஒலிப்பதிவுக் கருவியுடன் போகச் சொல்லுங்கள். வண்டியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் மகன் வாய் திறக்காமல் இருக்கட்டும். பதிவானதைப் பேச்சின் வரிசை குழம்பியிருந்தாலும் திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள்.