ஒரே கனிமம், இரண்டு காந்தங்கள்

கேள்வி: சில பாக்டீரியாக்கள் காந்தத் துகள்களை உருவாக்குவதாகப் படித்தேன். அத்துகள்கள் அனைத்தும் ஒரே காந்தப் பண்பு உடையவையா?
– கல்லூரி மாணவி ஒருவர், திண்டுக்கல்

பதில்: இல்லை. கனிமம் ஒன்றாகவே இருந்தாலும், துகளின் அளவும் அடுக்கும் மாறினால் காந்தப் பண்பும் மாறிவிடும்.

ஜியோபாக்டர் இனத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் போடோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த நுண்ணுயிர், நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவது போல இரும்பு ஆக்சைடைத் தன் சுவாசத்துக்குப் பயன்படுத்துகிறது என்பதும், அதன் விளைவாக மேக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடு கனிமம் உருவாகிறது என்பதும் 1987-இல் தெரியவந்தன. அந்த மேக்னடைட் செல்லுக்கு வெளியே, எந்தக் கட்டுப்பாடும் இன்றி விளைகிறது. துகள்களில் பெரும்பகுதி மிகச் சிறியவை. ஏறத்தாழ 30 நானோமீட்டருக்குக் குறைந்த மேக்னடைட் துகளில், அறை வெப்பநிலையின் அலைக்கழிப்பே காந்தத் திசையை ஓயாமல் புரட்டிவிடுவதால், வெளிக் காந்தப்புலம் இருக்கும்வரை வலுவாக ஈர்க்கப்படும் துகள், புலம் நீங்கியதும் காந்தத்தைத் தக்கவைப்பதில்லை. இதையே சூப்பர் பாராகாந்தத் தன்மை என்கிறோம்.

மேக்னடோஸ்பிரில்லம் இனத்தின் வழி வேறு. காந்தப்புலத்தின் திசையில் நீந்தும் இவ்வகைக் காந்தநாட்ட பாக்டீரியாக்களை 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இத்தாலியின் பாவியா நகரில் சால்வடோர் பெல்லினி 1963-லேயே இவற்றைக் கண்டு எழுதியிருந்தார் என்பதையும் மறக்கலாகாது. இங்கே ஒவ்வொரு படிகமும் மேக்னடோசோம் எனப்படும் கொழுப்புச் சவ்வுப் பைக்குள் வளர்கிறது. அதன் அளவு பொதுவாக 35 முதல் 120 நானோமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. இந்த வரம்பு மிக நுட்பமானது. இதைவிடப் பெரிய துகள் பல காந்தக் களங்களாக, அதாவது வெவ்வேறு காந்தத் திசை கொண்ட பகுதிகளாகப் பிரிந்து தன் விசையைத் தானே குறைத்துக்கொள்ளும். சிறியது திசையை இழக்கும். இடைப்பட்ட அளவில்தான் துகள் முழுவதும் ஒரே களமாக, நிலையான காந்தமாக இருக்கிறது.

ஆயினும் ஒரு படிகம் மட்டும் போதாது. அவை சங்கிலியாக நேர்க்கோட்டில் நிற்கும்போது அவற்றின் காந்தத் திருப்புதிறன்கள் (ஒவ்வொரு படிகத்தின் காந்த வலிமைகள்) கூடி, புவியின் காந்தப்புலத்தில் வெப்ப அலைக்கழிப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான ஆற்றலைத் தருகின்றன. இறந்த செல்கூடப் புலத்தின் திசையில் திரும்பிக்கொள்வது இதனால்தான். மாம்ஜே என்னும் புரதத்தை நீக்கினால் சங்கிலி குலைந்து படிகங்கள் குவியலாகிவிடுகின்றன என்று 2006-இல் காட்டப்பட்டது. இத்துறையிலேயே மிக அழகான சோதனை இதுதான் என்பேன், ஏனெனில் கனிமத்தைத் தொடாமல் அடுக்கை மட்டும் குலைத்தது அது.

அளவிலும் வடிவிலும் இத்தனை சீரான துகள்களை ஆய்வகத்தில் வேதிமுறையில் உருவாக்குவது கடினம். ஆகவே, மாறுதிசைக் காந்தப்புலத்தில் வெப்பம் உண்டாக்கிப் புற்றுக் கட்டிகளை அழிக்கும் ஆய்வுகளில் மேக்னடோசோம்கள் சோதிக்கப்படுகின்றன. இந்த பாக்டீரியாக்கள் மிகக் குறைந்த ஆக்சிஜனில்தான் படிகங்களை உருவாக்கும் என்பதால், அவற்றைப் பேரளவில் வளர்ப்பதே இப்போதுள்ள தடை.