புதுசாக வந்ததில் எது உண்மையிலேயே புதுசு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: "கடைக்காரர் புது டெக்னாலஜி என்கிறார், விலை இரண்டு மடங்கு சொல்கிறார், வாங்கலாமா?" பட்டறை, மைதானம், கம்ப்யூட்டர் என்று மூன்று பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, உள்ளே எந்தப் பாகம் மாறியிருக்கிறது என்பதைத்தான். அது தெரிந்த பிறகு விலையைப் பற்றிப் பேசலாம்.

கதவு, ஜன்னல் வேலை செய்கிறேன். பிரஷ்லெஸ் பேட்டரி டிரில் வாங்கச் சொல்கிறார்கள். சாதாரண டிரில்லை விட அதில் அப்படி என்ன இருக்கிறது? 18 வோல்ட், 20 வோல்ட், 48 வோல்ட் என்று வேறு குழப்புகிறார்கள்.

பழைய மோட்டாரில் சுற்றும் பாகத்தின் மேல்தான் செம்புக் காயில் இருக்கும். சுற்றிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்குக் கரன்ட் கொடுக்க வேண்டும் என்றால் ஏதாவது ஒன்று அதை உரசிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் கார்பன் பிரஷ். உரசுவதால் சூடு, பொறி, கறுப்புத் தூள், தேய்மானம். பிரஷ்லெஸ் மோட்டாரில் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். காந்தம் நடுவில் சுற்றுகிறது, காயில் வெளியே அசையாமல் நிற்கிறது, எந்தக் காயிலுக்கு எப்போது கரன்ட் போக வேண்டும் என்பதை ஒரு எலக்ட்ரானிக் போர்டு முடிவு செய்கிறது. உரசல் போய்விட்டது. ஒரே சார்ஜில் அதிக ஓட்டை போடலாம், மோட்டாரும் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது.

இது உண்மையான மாற்றம்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு ஜோடி வாங்கி நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பிரஷ்லெஸ்ஸில் போர்டு போனால் செலவு பெரிது, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். நாள் முழுவதும் டிரில் கையில் இருக்கிறது என்றால் பிரஷ்லெஸ் வாங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் எடுப்பீர்கள் என்றால் பழைய வகையே போதும்.

வோல்ட் விஷயம் எளிது. இந்த பேட்டரிகளுக்குள் லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்து செல் சேர்ந்தால் 18. முழுசாகச் சார்ஜ் ஏறிய புதிதில் அதே ஐந்து செல்லும் 20-க்கு மேல் காட்டும். அதனால்தான் டிவால்ட் நிறுவனம் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்கும் வரிசை, ஐரோப்பாவில் 18 வோல்ட் என்ற பெயரில் விற்கிறது. இரண்டும் ஒன்றே. 48, 88 என்று எண்ணைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் ஏதோ எழுத்தைச் சேர்த்து விற்கும் மலிவான செட்களில் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான் இருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-மணி எவ்வளவு, உதிரி பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

என் அப்பா 30 வருடமாக மர வேலை செய்தவர். டேபிள் ரம்பத்தில் இரண்டு விரல் போய்விட்டது. விரல் பட்டதும் நின்றுவிடும் ரம்பம் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நம்பலாமா?

நம்பலாம். கடந்த 25 ஆண்டுகளில் பட்டறைக்குள் வந்த கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கர். இயற்பியலில் முனைவர் பட்டம், தொழில் காப்புரிமை வழக்கறிஞர், பொழுதுபோக்கு மர வேலை. 1999-ல் அவருக்கு இந்த யோசனை வந்தது. ரம்ப வட்டில் மிகச் சிறிய மின் சிக்னல் ஒன்றை ஓடவிடுவது. காய்ந்த மரம் பட்டால் அது பெரிதாக மாறாது. மனித உடல் மின்சாரத்தை ஏற்கும் தன்மை கொண்டது, அதனால் விரல் பட்ட கணத்தில் அந்த சிக்னல் சட்டென்று இறங்கும். இறங்கியதும் ஒரு மெல்லிய கம்பி எரிந்து அறுபடும். அந்தக் கம்பி இழுத்துப் பிடித்திருந்த வலுவான ஸ்பிரிங் விடுபட்டு, ஓர் அலுமினியக் கட்டையை ரம்பத்தின் பற்களுக்குள் தள்ளும். பற்கள் அலுமினியத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும், வட்டு அப்படியே மேசைக்குக் கீழே போய்விடும். எல்லாம் 5 மில்லி நொடிக்குள்.

5 மில்லி நொடி என்றால் எவ்வளவு? 10 அங்குல வட்டு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பல் நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல் போகிறது. உங்கள் கை நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் ரம்பத்தை நோக்கிப் போகிறது என்று வையுங்கள். 5 மில்லி நொடியில் அது நகர்வது ஒன்றரை மில்லிமீட்டர். விரல் போக வேண்டிய இடத்தில் பிளாஸ்திரி ஒட்டும் அளவுக் காயம். முதலில் சாஸேஜை வைத்துச் சோதித்த காஸ், பிறகு தன் விரலையே ஓடும் ரம்பத்தில் வைத்துக் காட்டினார்.

பெரிய கருவி நிறுவனங்கள் உரிமம் வாங்க முன்வராததால் அவரும் நண்பர்களும் சேர்ந்து சாஸ்டாப் என்ற பெயரில் தாங்களே ரம்பம் செய்து 2004-ல் விற்க ஆரம்பித்தார்கள். 2017-ல் அந்த நிறுவனம், ஃபெஸ்டூல் என்ற கருவி நிறுவனத்தின் தாய் நிறுவனத்தின் கைக்குப் போனது.

குறைகளையும் சொல்கிறேன். ஒருமுறை பிரேக் விழுந்தால் அந்தப் பிரேக் பெட்டி புதுசாக வாங்க வேண்டும், வட்டும் பெரும்பாலும் வீண்தான். ஈர மரத்தை அறுத்தால் விரல் என்று நினைத்து நின்றுவிடலாம். விலையும் அதிகம். அதை வாங்க முடியாத பட்டறையில் இன்றைக்கே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வட்டுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய தகட்டைக் கழற்றாமல் இருப்பது. அறுத்த பிளவு மூடி மரம் நம் பக்கம் எகிறுவதை அது தடுக்கிறது. இரண்டு, சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல் ஒரு தள்ளுகட்டையால் தள்ளுவது. அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும், இப்போது அந்தப் பட்டறையில் நிற்கும் பையன்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

இப்போது வரும் ஸ்க்ரூக்களில் பிளஸ்ஸுக்குப் பதில் நட்சத்திர வடிவம் இருக்கிறதே, ஏன்?

டார்க்ஸ் என்று பெயர், 1967-லிருந்து இருக்கிறது. பிளஸ் தலையின் பள்ளம் உள்ளே போகப் போகக் குறுகும், அதனால் அழுத்தித் திருகும்போது பிட் மேலே ஏறி வழுக்கிவிடும். நட்சத்திரத்தின் சுவர்கள் செங்குத்தாக இருப்பதால் பிட் நழுவாது. டி20, டி25 என்று சரியான அளவு பிட் மட்டும் போடுங்கள்.

கிரிக்கெட் மட்டையை மூங்கிலில் செய்தால் பந்து இன்னும் வேகமாகப் போகும் என்கிறார்களே, உண்மையா? போட்டியில் விடுவார்களா?

2021-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தர்ஷில் ஷாவும் பென் டிங்க்ளர்-டேவிஸும் மூங்கில் பட்டைகளை ஒட்டி மட்டை செய்து பார்த்தார்கள். ஷா, தாய்லாந்தின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர். மட்டைக்கு வழக்கமாக எடுக்கும் வில்லோ மரத்தை விட மூங்கில் விறைப்பாக இருப்பதால் மோதும்போது மட்டை வளைந்து வீணாகும் சக்தி குறைகிறது, பந்துக்கு அதிகம் போகிறது. நன்றாகப் படும் இடமும் சற்றுப் பெரிதாகவும் மட்டையின் அடிப்பக்கத்துக்கு நெருக்கமாகவும் வந்தது. யார்க்கரை எதிர்கொள்பவருக்கு இது பெரிய விஷயம். எடைதான் பிரச்சினை, மூங்கில் வில்லோவை விடக் கனம்.

போட்டிக்கு வருவோம். மட்டையில் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் பலகைப் பகுதி முழுக்க மரமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. மூங்கில் புல் இனம். அதனால் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி அப்போதே மறுத்துவிட்டது. அந்த விதி வந்ததற்கு ஒரு கதை உண்டு. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார். பந்து கெடுகிறது என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி முறையிட, ஆட்டம் நின்று, லில்லி மட்டையைத் தூக்கி வீசினார். அதற்குப் பிறகுதான் மரம் மட்டுமே என்று எழுதினார்கள்.

என் கருத்து: வில்லோ வெட்டுக்குத் தயாராக ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும், நல்ல இங்கிலீஷ் வில்லோ மட்டையின் விலை சாதாரண வீட்டுப் பையனுக்கு எட்டாது. மூங்கில் அதை விட வேகமாக வளர்கிறது, நம் பக்கத்திலேயே விளைகிறது. சர்வதேசப் போட்டி எப்படியோ போகட்டும், பள்ளிப் பிள்ளைகளுக்காவது இதை அனுமதிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடுபவர்களை எந்த விதியும் தடுக்கப்போவதில்லை.

ஸ்டம்பில் லைட் எரிந்தும் நாட் அவுட் கொடுக்கிறார்களே?

பெய்ல்ஸ் ஸ்டம்பின் மேலிருந்து முழுசாக அகன்றால்தான் அவுட். பந்து பட்டு பெய்ல்ஸ் சற்று எழும்பினாலே உள்ளிருக்கும் சென்சார் விளக்கை எரியவிடும், பிறகு அது மறுபடி பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் அவுட் இல்லை. ரன் அவுட்டில்தான் இது நிஜமாக உதவுகிறது: பெய்ல்ஸ் விழுந்தது உறுதியானால், விளக்கு முதலில் எரிந்த படத்தை வைத்து நேரத்தைக் கணிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிரான்டே எக்கர்மன் கண்டுபிடித்தது.

மாரத்தான் ஓட ஆரம்பித்திருக்கிறேன், 42 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினால் நேரம் குறையுமா?

2017-ல் நைக் வேப்பர்ஃபிளை வந்தபோது கொலராடோ பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். அதே வேகத்தில் ஓட உடல் செலவழிக்கும் சக்தி சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. எல்லோரும் கார்பன் தகட்டைத்தான் புகழ்ந்தார்கள். ஆனால் பிறகு தகட்டைக் குறுக்காக வெட்டிவிட்டு அதே ஷூவில் ஓடவைத்தபோது லாபம் அவ்வளவாகக் குறையவில்லை. ஆக, பெரும் பங்கு ஷூவின் அடியில் இருக்கும் நுரை மெத்தைக்குத்தான். அழுத்தும்போது வாங்கும் சக்தியில் ஏறத்தாழ 87 சதவீதத்தை அந்த நுரை திருப்பித் தருகிறது, அப்போதைய போட்டி ஷூக்களில் அது 66, 76 என்ற அளவில் இருந்தது. மெத்தையை மேலும் மேலும் உயர்த்திவிடக் கூடாது என்றுதான் 2020-ல் சாலை ஓட்டத்துக்கு 40 மில்லிமீட்டர், ஒரே ஒரு தகடு என்று உலகத் தடகள அமைப்பு வரம்பு வைத்தது.

உங்களுக்கு? இந்த அளவீடுகள் வேகமாக ஓடுபவர்களை வைத்து எடுக்கப்பட்டவை. வேகம் குறையக் குறைய லாபமும் குறைகிறது, சிலருக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. அந்தப் பணத்தில் தினப் பயிற்சிக்கு இரண்டு ஜோடி நல்ல ஷூ வாங்குங்கள். நான்கு மணி நேரத்துக்குள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கல்யாணப் படங்களைப் பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். ஆறு வருடம் கழித்துப் போட்டால் பாதி திறக்கவில்லை. யாரும் தொடவே இல்லையே, எப்படிக் கெட்டது?

தொடாமல் வைத்ததும் ஒரு காரணம். எனக்கும் இது நடந்திருக்கிறது. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அப்படித்தான் போயின, இன்றைக்கும் வருத்தம்தான்.

பென் டிரைவ், மெமரி கார்டு, ஹார்டு டிஸ்குக்குப் பதில் லேப்டாப்பில் வரும் எஸ்எஸ்டி மூன்றிலும் இருப்பது ஃபிளாஷ் மெமரி. 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. ஒவ்வொரு செல்லிலும் நான்கு புறமும் காப்புச் சுவர் எழுப்பி, உள்ளே எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறார்கள். எத்தனை அடைபட்டிருக்கின்றன என்பதே தகவல். சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காலம் போகப் போக ஒன்றிரண்டாகக் கசியும். சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், சித்திரை வெயிலில், இரும்பு பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. ஆரம்பத்தில் ஒரு செல்லுக்கு நிறைந்தது, காலி என்று இரண்டே நிலைதான். கொஞ்சம் கசிந்தாலும் தெரியாது. இப்போது விலையைக் குறைக்க ஒரே செல்லில் எட்டு நிலை, பதினாறு நிலை என்று நுணுக்கிவிட்டார்கள். அதில் சிறு கசிவுகூட ஓர் எண்ணை வேறோர் எண்ணாக்கிவிடும். ஜெடெக் என்ற தர அமைப்பு, ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த வீட்டு எஸ்எஸ்டி, கரன்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு தகவலைக் காத்தால் போதும் என்றுதான் எதிர்பார்க்கிறது. புதுசாக இருந்தால் அதை விடப் பல மடங்கு தாங்கும், ஆனால் காலத்துக்கும் இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

மிச்சமிருக்கும் படங்களை இன்றைக்கே ஒரு ஹார்டு டிஸ்கில் போடுங்கள், இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். பென் டிரைவை அவ்வப்போது செருகிப் பார்த்தால் போதும் என்பது தவறு. அதிலிருந்து எடுத்து மறுபடி எழுதினால்தான் செல்கள் நிரம்பும். முக்கியமான சில படங்களைக் காகிதத்தில் பிரின்ட் போட்டுவிடுங்கள்.

புது லேப்டாப்களில் ரேம் மாற்ற முடிவதில்லையே. இதற்கு வழியே கிடையாதா?

பேட்டரியை மிச்சப்படுத்தும் ரேம் வகை, பிராசஸரிலிருந்து மிகக் குறுகிய தூரத்தில் இருந்தால்தான் வேகமாக ஓடும். பழைய மாதிரி செருகு பட்டையில் வைத்தால் அந்தத் தூரம் அதிகமாகிவிடுகிறது, அதனால் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். வழி வந்திருக்கிறது. டெல் 2022-ல் கொண்டுவந்த வடிவத்தை ஜெடெக் 2023 டிசம்பரில் கேம்2 என்ற பொதுத் தரமாக ஆக்கியது. பட்டையைப் படுக்க வைத்து, அடியில் இருக்கும் ஊசிப் புள்ளிகளின் மேல் அழுத்தி ஸ்க்ரூ போடுகிறார்கள். தூரமும் குறைவு, கழற்றவும் முடியும். 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1 அதோடு வந்தது. விலை குறைந்த லேப்டாப்களுக்கு இது இன்னும் இறங்கவில்லை. அதுவரைக்கும், பற்றவைத்த ரேம் என்றால் வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுங்கள்.

பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். கரன்ட் போனாலும் மறக்காத ரேம் ஏன் இன்னும் வரவில்லை?

நல்ல கேள்வி, தம்பி. ஒருமுறை இருந்தது. 1970-கள் வரை கம்ப்யூட்டர்களில் சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்த நினைவகம்தான், கரன்ட் போனாலும் மறக்காது. ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு 1966-ல் யோசித்து, 1968-ல் காப்புரிமை பெற்ற டிராம், அதாவது இன்றைய ரேம், அதை ஓரங்கட்டியது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். மிக மலிவு. ஆனால் கெபாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி, மில்லி நொடிக் கணக்கில் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதை மாற்றப் பெரிய முயற்சி நடந்தது. இன்டெலும் மைக்ரானும் 2015-ல் 3டி கிராஸ்பாயின்ட் என்ற, கரன்ட் போனாலும் மறக்காத நினைவகத்தை அறிவித்தன, ஆப்டேன் என்ற பெயரில் கடைக்கும் வந்தது. டிராம் அளவு வேகம் இல்லை, ஃபிளாஷ் அளவு மலிவும் இல்லை. 2022-ல் இன்டெல் அதை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு நெருங்கியவர் ஒருவரை இழந்த மாதிரி இருந்தது, அவ்வளவு நம்பியிருந்தேன்.

இப்போது எம்ராம் என்ற நினைவகம் இருக்கிறது. மறுபடியும் காந்தம்தான்: இரண்டு மெல்லிய காந்தப் படலங்கள் ஒரே திசையைப் பார்த்தால் ஒன்று, எதிரெதிராகப் பார்த்தால் பூஜ்யம். வேகம் உண்டு, தேய்மானம் மிகக் குறைவு. ஆனால் எவர்ஸ்பின் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த பெரிய சில்லே 1 கிகாபிட், அதாவது 128 மெகாபைட்தான். உங்கள் லேப்டாப்புக்குப் போதாது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தாராளம். அந்தப் பக்கத்தில் வேலைக்குப் போனால் முதலில் அதன் டேட்டா ஷீட் ஒன்றை எடுத்து, எழுதும் கரன்ட் எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் கரன்ட்டைக் குறைப்பதில்தான் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது.