புளோரிடாவும் சாஜர் காஜுவும் இணைந்து புது ரகம் வருமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் மொட்டை மாடிக் கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். வித்து (காளான் இழை படர்ந்த தானியம்) போதாததால் புளோரிடா, சாஜர் காஜு என்ற இரண்டு சிப்பிக் காளான் ரகங்களையும் ஒரே பையில் இட்டேன். நீண்ட காம்பும் சிறிய குடையுமாகக் காளான் வந்திருக்கிறது. இது கலப்பினமா? இதிலிருந்து வித்து தயாரிக்கலாமா?

பதில்: கலப்பினம் இல்லை, மூச்சுமுட்டல். ஈரம் காயாமலிருக்க நான்கு பக்கமும் சாக்குக் கட்டி அடைத்திருப்பீர்கள். கரியமில வாயு தேங்கினால் எந்தச் சிப்பிக் காளானும் காம்பை நீட்டிக் குடையைச் சுருக்கிக்கொள்ளும். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் எதிரெதிர்ப் பக்கங்களைத் திறந்துவிடுங்கள். அடுத்த அறுவடையில் வித்தியாசம் தெரியும்.

நம் சந்தையில் சாஜர் காஜு என்று விற்பது பெரும்பாலும் புளூரோட்டஸ் புல்மொனேரியஸ் என்ற இனம். அந்தப் பெயருக்கு உரிய காளான் வேறு. அதன் காம்பில் வளையம் இருக்கும். 1975இலேயே பூஞ்சையியலாளர் பெக்ளர் அதை லென்டினஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டார். வித்துப் பாக்கெட்டுகள்தான் இன்னும் திருந்தவில்லை! புளோரிடாவோ புளூரோட்டஸ் ஆஸ்ட்ரியேட்டஸுடன் இணைசேரும் வகை. ஆஸ்ட்ரியேட்டஸும் புல்மொனேரியஸும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலிருந்தாலும் தனித்தனி இனங்கள், ஒன்றோடொன்று இணைவதில்லை.

ஒரே இனமாக இருந்தாலும் வித்துகளைக் கலப்பது இனச்சேர்க்கை ஆகாது. கடையில் வாங்கும் வித்தின் இழைகளில் ஒவ்வொரு செல்லிலும் ஏற்கெனவே இரண்டு உட்கருக்கள் இணை சேர்ந்து இருக்கின்றன. அவை வைக்கோலை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொள்ளும். பல சமயம் நடுவே ஒரு கோடு விழும், அவ்வளவுதான்.

கலப்புக்கு ஒற்றை ஸ்போரிலிருந்து (காளான் உதிர்க்கும், விதை போன்ற நுண்துகள்) முளைத்த, ஒரே உட்கரு கொண்ட இழைகள் தேவை. இணைசேர்வதைத் தீர்மானிக்கும் ஏ, பி என்ற இரு மரபணுக் காரணிகளும் இரண்டு இழைகளிலும் வேறுபட்டிருக்க வேண்டும். அதனால் ஒரே காளானின் ஸ்போர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு ஜோடிதான் பொருந்தும். ஒரே இனத்தின் உறவில்லாத இரு ரகங்கள் என்றால் பெரும்பாலும் பொருந்திவிடும். அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் இரண்டையும் அருகருகே வளர்த்து, சந்திக்கும் இடத்து இழையை நுண்ணோக்கியில் பாருங்கள். குறுக்குச் சுவர் ஓரத்தில் சிறு கொக்கி வளைந்து அடுத்த செல்லோடு ஒட்டியிருந்தால் சேர்க்கை நடந்துவிட்டது. ஏ மட்டும் வேறுபட்டால் கொக்கி வரும், ஒட்டாது. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். இதற்குச் சுத்தமான ஆய்வக மேசை வேண்டும், மாடிக் கொட்டகையில் நடக்காது.

இப்போதைய பையில் வரும் காளானை விற்கலாம், சமைக்கலாம். அதிலிருந்து வித்து மட்டும் எடுக்காதீர்கள். எந்த ரகம் என்று உங்களாலேயே சொல்ல முடியாது.