சும்மா இருக்கும் நேரத்தின் கூலி

அன்புள்ள ஐயா,

சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஓலை முடைய மாமியார் கற்றுக்கொடுத்தார். மூடி போட்ட பனையோலைப் பெட்டியை 180 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். ஓலைக்கும் சாயத்துக்குமே 60 ரூபாய் ஆகிவிடும். "பிளாஸ்டிக் டப்பா 80 ரூபாய்தானே, நீ சும்மா இருக்கும் நேரத்தில் முடைவதுதானே" என்று அதையும் குறைக்கச் சொல்கிறார்கள். மதுரையில் ஒரு கடைக்கும் அதே 180க்குத்தான் கொடுத்தேன். போன மாதம் போனபோது அங்கே என் பெட்டியில் 650 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்தது. விலையை ஏற்றினால் ஊரில் பேராசைக்காரி என்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு பெட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. ஊர் சொல்லும் அந்தச் 'சும்மா'வை நீங்களும் நம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாகக் கீறி, நனைத்து, முடைந்து, விளிம்பு மடித்து முடிக்க 9 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். தவறென்றால் திருத்திக்கொள்ளுங்கள். சாயம் காய்ச்சுவதைத் தனியாக எழுதுங்கள்; ஒரே கொதியில் பத்துப் பெட்டிக்கான ஓலை வெந்தால் அந்த நேரத்தைப் பத்தாக வகுக்க வேண்டும்.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரமென்று கொண்டால் மணிக்கு 42. ஒன்பது மணி நேரத்துக்கு 378, சரக்கு 60, ஆக 438 ரூபாய். இதில் பஸ் கட்டணமும் இல்லை, விளிம்பில் கிழிந்து வீணாகும் ஓலையும் இல்லை. இப்போது உங்கள் கைக்கு நிற்பதோ 120. மண் வெட்டப் போனால் கிடைப்பதில் பாதிகூட இல்லை. இதில் பேராசை எங்கே இருக்கிறது?

கடைக்காரரைத் திட்ட மாட்டேன். வாடகை, மின்கட்டணம், விற்காமல் தூசி படியும் பெட்டி எல்லாம் அவர் தலையில். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கு ஒரு விலை சொல்லலாம். விற்ற பிறகு பணம் தருகிறேன் என்பவருக்கு அதைவிடக் கூட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தூசி அப்போது உங்கள் தலையில். அந்த 438ஐ முழுதாக்கி 450 என்றால் அவர் வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆனால் அவர் 650க்கு விற்கும் பெட்டியை நீங்கள் சந்தையில் 180க்குக் கொடுத்தால் இரண்டு இடத்திலும் பேச்சு எடுபடாது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் 450 கேட்க வாய் வராது, தெரியும். நானும் ஒருமுறை சுளகு விற்ற பாட்டியிடம் இருபது ரூபாய் குறைத்து வாங்கியவன். இன்று புடைக்கும்போதெல்லாம் அந்த இருபது உறுத்துகிறது. அக்காவுக்காக அதே பெட்டியின் விலையைக் குறைக்காதீர்கள். மூடி இல்லாமல், சாயம் இல்லாமல், கையகலத்தில் ஒரு கொட்டான், அதாவது சின்ன ஓலைக்கூடை, முடையுங்கள். பூ வைக்கவும் தாம்பூலம் கொடுக்கவும் அது போதும். கல்யாண வீடு என்றால் ஐம்பது, நூறு என்று கேட்பார்கள். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் ஓலை நனைக்காதீர்கள்.

அடுத்த கொட்டானைத் தொடங்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள், முடித்ததும் பாருங்கள். நடுவில் அடுப்பைக் கவனிக்க எழுந்த நேரத்தைக் கழித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதற்கும் கணக்குப் போட்டுவிடலாம்.