குதிரையை வண்டியில் ஏற்றினால் கட்ட வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் நான்கு வயதுப் பெண்குதிரை ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். பிக்கப் வண்டியில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவர வேண்டும். கழுத்தில் கயிறு போட்டு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பிணைத்துவிட வேண்டும் என்கிறார் தரகர். வெளிநாட்டில் கட்டாமலேதான் கொண்டுபோகிறார்கள் என்று என் மைத்துனர் வீடியோ காட்டுகிறார். எதைச் செய்வது?

கால்நடை மருத்துவர் பதில்:

கட்டுங்கள். ஆனால் தரகர் சொல்கிற மாதிரி கட்டாதீர்கள்.

உங்கள் மைத்துனர் காட்டியதும் பொய்யில்லை. அமெரிக்காவில் நீண்ட தூரம் போகிற வண்டிகளில் ஒரு குதிரைக்கு ஓர் அறை மாதிரி விட்டு, கட்டாமல் ஏற்றுவது உண்டு. அப்படி விட்டால் பல குதிரைகள் தாமாகவே திரும்பி, வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளும். அந்த வண்டிக்கு நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், மேலே கூரை, தரையில் ரப்பர் எல்லாம் இருக்கும். நீங்கள் வாடகைக்கு எடுக்கப்போகும் பிக்கப்பில் பக்கவாட்டுத் தகரம் குதிரையின் முழங்காலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கம்பிக் கூண்டு அடித்திருந்தாலும் மேலே திறந்தவெளி. கட்டாமல் விட்டால் முதல் லாரி ஹாரன் அடித்ததும் அது முன்னங்காலைத் தூக்கிக் கம்பிக்கு மேல் போடும். அதற்கப்புறம் நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை.

தரகர் முறையில் என்ன தவறு? ஓடுகிற வண்டியில் குதிரை தன் தலையையும் கழுத்தையும் அசைத்துத்தான் நிலை பிடிக்கிறது. பிரேக் போட்டால் தலையைத் தூக்கும், வளைவில் கழுத்தைச் சாய்க்கும். தலையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுவது, பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவரின் கைகளைக் கட்டிப்போடுவது போல. முன்னங்காலையும் பிணைத்துவிட்டால் நிற்பதற்கு அதனிடம் ஒன்றுமே மிச்சமில்லை. விழும், விழுந்தால் எழ முடியாது. கழுத்துக் கயிறு அப்போது சுருக்காகிவிடும். கால் கட்டு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாதது. குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும். மேய்கிற நேரமெல்லாம் அந்த வேலை தானாக நடக்கிறது. தலையை உயரத் தூக்கிக் கட்டி மணிக்கணக்கில் கொண்டுபோனால் அழுக்கும் கிருமியும் கீழே நுரையீரலுக்கு இறங்கும். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், இருமல், நெஞ்சுக்குள் நீர் கோத்துக்கொள்வது என்று வரும். சந்தையில் வாங்கிய குதிரை ஒரு வாரத்தில் செத்துவிட்டால் ‘தண்ணி ஒத்துக்கலை’ என்பார்கள். தண்ணீர்மேல் பழி போடுமுன் அது எப்படிக் கட்டப்பட்டு வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சரி, எப்படிக் கட்டுவது? கழுத்திலும் கட்டக் கூடாது, வாயில் இருக்கும் கடிவாளத்திலும் கட்டக் கூடாது. முகத்தில் மாட்டும் ஹால்டரில் மட்டும்தான். தாடைக்குக் கீழே வரும் வளையத்தில் ஒரே கயிறு. அதன் மறுமுனை குதிரையின் நெஞ்சுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முன்பக்கக் கம்பியில். ஹால்டருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை முழம் கயிறு விடுங்கள். குதிரை மூக்கை நெஞ்சுக்குக் கீழே கொண்டுபோக முடிய வேண்டும். ஆனால் தொங்கும் கயிற்றை முன்னங்கால் தாண்டிவிடக் கூடாது. கட்டியபின் கொஞ்சம் புல்லைக் கையில் வைத்து மேலும் கீழும் காட்டிப் பாருங்கள், சரியா தப்பா என்று குதிரையே சொல்லிவிடும்.

கயிற்றை நேராகக் கம்பியில் கட்டாதீர்கள். முதலில் கம்பியில் சணலால் ஒரு வளையம் போட்டு, கயிற்றை அந்த வளையத்தில் கட்டுங்கள். மூட்டை தைக்கிற சணல் போதும். குதிரை மிரண்டு முழுப் பலத்தோடு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். நைலான் கயிறு, நைலான் ஹால்டர், இரும்புக் கம்பி மூன்றும் சேர்ந்தால் அறுவதற்கு வேறொன்றும் இல்லாததால் குதிரையின் பிடரிதான் அறும். முடிச்சு, நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாக இருக்கட்டும். வண்டியில் வருகிற ஆள் கையில் கத்தி ஒன்றும் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் வரிசை. குதிரையை ஏற்றி, பின்னால் குறுக்குக் கட்டைகளைப் போட்டு, பின்கதவைச் சாத்திய பிறகுதான் தலையைக் கட்ட வேண்டும். இறக்கும்போது தலையை அவிழ்த்த பிறகுதான் பின்கதவைத் திறக்க வேண்டும். கட்டிய குதிரைக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தால் அது பின்வாங்கும். கயிறு பிடித்திழுக்கும், அது பயந்து இன்னும் பின்னால் போகும், கால் விளிம்பில் வழுக்கும். சந்தையில் நான் தையல் போட்ட காயங்களில் பெரும்பாலானவை வண்டி ஓடும்போது வந்தவை அல்ல, இந்த அவசரத்தில் வந்தவை.

கயிறு என்பது குதிரை திரும்பாமலும் தாண்டாமலும் இருப்பதற்குத்தான். குதிரையைத் தாங்க வேண்டியவை தரையும் தடுப்பும். 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: வழுக்காத தரை, குதிரைகளுக்கு இடையில் குறைந்தது 8 செ.மீ. பருமனுள்ள மூங்கில், பின்னால் இரண்டு வலுவான குறுக்குக் கட்டைகள், தாழ்வான பக்கத்தை உயர்த்துவது. வெறும் தகரத்தில் வைக்கோல் போட்டால், மூத்திரம் பட்டதும் சறுக்கும். ரப்பர் மேட் அல்லது தென்னைநார் விரிப்பு, அதற்கு மேல் வைக்கோல். நெஞ்சுக்கு நேரே ஒரு மூங்கிலுக்குச் சாக்கு சுற்றிக் கட்டுங்கள்.

அதே விதிகளில் குதிரை வண்டி மணிக்கு 35 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், எதிரே வரும் போக்குவரத்தைப் பார்க்காதபடி தலை இடப்பக்கம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தியூரிலிருந்து திண்டுக்கல் சுமார் 170 கி.மீ., அதாவது ஐந்து மணி நேரம். எந்த டிரைவர் ஒப்புக்கொள்கிறார்? பிக்கப்பின் அகலத்தில் குதிரையைக் குறுக்காக நிறுத்தவும் முடியாது, அது அகலமான லாரிக்கு எழுதிய விதி. சிறிய வண்டிக்கு என்ன செய்வது என்று எழுதவும் ஆளில்லை, இருக்கிற விதியைப் பார்க்கவும் ஆளில்லை. சோதனைச் சாவடியில் கேட்பது மருத்துவச் சான்றிதழ் ஒன்றைத்தான். அதைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர், இரண்டடி தள்ளிக் கழுத்து நெரிபட நிற்கும் குதிரையைப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் பொறுமை போய் ரொம்ப நாளாகிறது. டிரைவரிடம் நீங்களே பேசுங்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்வதைவிடத் திடீர் பிரேக்கும் வளைவில் வேகமும் கூடாது என்று சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது. வாடகையில் பாதியை வீட்டில் இறக்கிய பிறகு கொடுங்கள்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. ‘அதை நான் பார்த்துக்கிறேன், ஐநூறு குடுங்க’ என்று தரகர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குதிரையைப் பார்க்காமல் கையெழுத்தான தாளுக்கு மதிப்பில்லை. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், அது கண்ணால் பார்த்துச் சொல்கிற நோயும் அல்ல. ரத்தப் பரிசோதனை வேண்டும், அதற்கான தேசிய ஆய்வகம் ஹரியானாவில் ஹிசாரில் இருக்கிறது. மூக்கில் சீழ் மாதிரி ஒழுகும் குதிரையாக இருந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, ஏற்றாதீர்கள்.

அடுத்தது ஊசி. ‘ஒரு ஊசி போட்டா சாதுவா நிக்கும்’ என்று யாராவது வருவார்கள். மயக்கம் ஏறிய குதிரை தலையைத் தொங்கவிட்டு ஆடும், வளைவில் காலை மாற்றி வைக்கத் தெரியாமல் சாயும். இன்னொன்றும் யோசியுங்கள். நீங்கள் பார்த்தபோது சாதுவாக நின்றதே, அப்போதும் ஊசிதானா? மறுநாள் காலையில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். வாடகை மிச்சமாகும் என்று வேறொருவர் வாங்கிய குதிரையையோ மாட்டையோ கூட ஏற்றுவதற்கும் சம்மதிக்காதீர்கள்.

கட்டுங்கள் என்று சொன்னேனே, அதற்கு ஒரு முக்கியமான விலக்கு: கட்டிப் பழகாத குதிரை. சந்தைக்கு வரும் இளங்குதிரைகளில் இது நிறைய. கயிற்றை எப்போதும் ஓர் ஆள் பிடித்துக்கொண்டே இருப்பார், கம்பத்தில் கட்டியே இருக்க மாட்டார்கள். ஆள் பிடிக்கும் கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கம்பம் விட்டுக்கொடுக்காது. அந்த வித்தியாசத்தை முதல்முறையாக ஓடுகிற வண்டியில் தெரிந்துகொள்ளும் குதிரை பைத்தியம் பிடித்த மாதிரி பின்னால் இழுக்கும், மல்லாக்க விழும். ஆகவே மீதிப் பணம் கொடுக்குமுன் தரகரிடம், ‘இதை அந்த மரத்தில் கட்டுங்கள், நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லுங்கள். நிஜமாகவே டீ குடியுங்கள். திரும்பி வரும்போது அது ஒரு காலைத் தளர்த்தி ஓய்வாக நின்றால் பிரச்சினை இல்லை. மண்ணைக் கீறி, வியர்த்து, கயிறு விறைத்திருந்தால் அதை அன்று ஏற்றாதீர்கள். அவர் மரத்தில் கட்டவே தயங்கினாலும் அதே பதில்தான். பத்து நாள் தீனிச் செலவைக் கொடுத்து விற்றவரிடமே விட்டுவைத்து, தினமும் கம்பத்தில் கட்டிப் பழக்கச் சொல்லுங்கள். கம்பத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே பழைய லாரி டியூப் ஒன்றைப் போட்டால் இழுக்கும்போது அது கொஞ்சம் நெகிழும், குதிரை சண்டை போடாமல் கற்றுக்கொள்ளும். இன்றைக்கே கொண்டுபோக வேண்டும் என்று யார் அவசரப்படுத்தினாலும் அவசரம் அவர்களுடையது, குதிரை உங்களுடையது.

பயணத்தன்று காலையில் தானியம் வேண்டாம், புல் மட்டும் போதும். கிளம்பி இரண்டரை, மூன்று மணி நேரத்தில், அதாவது கரூர் பக்கம், நிழலில் வண்டியை நிறுத்துங்கள். பின்கதவைத் திறக்காமல் தலைக்கயிற்றை மட்டும் அவிழ்த்து, ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, தலை தரைவரை போகும்படி இருபது நிமிடம் விடுங்கள். வாளியைக் கீழே வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். அது செருமி மூக்கைச் சீறினால் நல்லது, அதற்காகத்தான் நிறுத்தினோம்.

வீட்டுக்கு வந்ததும் புல்லைத் தொட்டியில் போடாமல் தரையில் போடுங்கள். மூன்று நாள் சவாரி வேண்டாம், காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, இருமினாலோ, புல்லை முகர்ந்துவிட்டு விலகினாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, குதிரை வண்டியில் வந்தது என்பதையும் எத்தனை மணி நேரம் வந்தது என்பதையும் முதலில் சொல்லுங்கள்.