கொழும்புப் பங்கு விலையை கூகுள் ஷீட்டில் சூத்திரம் போட்டு எடுக்க முடியுமா?

பங்கு விலையை எடுத்துத் தரும் கூகுள்ஃபைனான்ஸ் சூத்திரத்தில் நம் இலங்கைக் கம்பனியான டோக்கியோ சிமெந்தின் குறியீட்டை (சந்தையில் அந்தப் பங்குக்கு உள்ள சுருக்க எழுத்துகளை) எப்படிப் போட்டாலும் என்/ஏ என்றே வருகிறது, என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை உங்களுடையது இல்லை. அந்தச் சூத்திரத்துக்குக் கொழும்புப் பங்குச் சந்தையைத் தெரியாது. நியூயோர்க், நாஸ்டாக், இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. எல்லாம் வரும், நம்முடையது வராது.

என்/ஏ வந்தால்கூடப் பரவாயில்லை, விலை இல்லை என்றாவது தெரியும். வேறு எதனுடையதோ விலை வந்தால்தான் ஆபத்து. திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த நம்மூர் ஆட்களுக்கு எரிபொருள் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யின் பங்கில் ஒரு பிடிப்பு உண்டு. அதற்காக என்.எஸ்.இ., முக்காற்புள்ளி, ஐ.ஓ.சி. என்று தட்டினால் உடனே ஓர் எண் வந்து நிற்கும். அது இந்தியத் தாய்க் கம்பனியின் விலை, அதுவும் இந்திய ரூபாயில்!

இணையப் பக்கத்திலிருந்து அட்டவணையை இழுக்கும் இம்போர்ட்எச்டிஎம்எல் சூத்திரத்தையும் சிலர் சொல்வார்கள். பக்கம் திறந்த பிறகு ஸ்கிரிப்ட் வந்து விலையை நிரப்புகிற தளங்களில் அது வெறுங்கையோடுதான் திரும்பும்.

என் மாமாவின் பங்குக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். நான் செய்வது இதுதான். ஒரே ஃபைலில் இரண்டு ஷீட். பிற்பகல் 2.30க்குச் சந்தை மூடிய பிறகு, பங்குச் சந்தைத் தளத்தில் உள்ள அன்றைய வியாபாரச் சுருக்க அட்டவணையை அப்படியே கொப்பி பண்ணி 'விலை' ஷீட்டில் ஒட்டிவிடுவேன். 'கணக்கு' ஷீட்டில் குறியீடு, எண்ணிக்கை, வாங்கிய விலை இருக்கும். பக்கத்துக் கட்டத்தில், அட்டவணையில் தேடி எடுத்துத் தரும் வீலுக்அப் சூத்திரம்: தேடும் குறியீடு, விலை ஷீட்டின் பரப்பு, விலை எத்தனையாவது நிரல், கடைசியில் ஃபால்ஸ். அந்த ஃபால்ஸை விட்டுவிடாதீர்கள். விட்டால் 'கிட்டத்தட்டப் பொருந்துவதை' எடுத்து வேறு கம்பனியின் விலையைத் தந்துவிடும்.

தேடுவது குறியீட்டை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. டோக்கியோ சிமெந்துக்கே இரண்டு பங்கு உண்டு: வாக்குரிமை உள்ளது டி.கே.வை.ஓ. புள்ளி என் 0000, வாக்குரிமை இல்லாதது டி.கே.வை.ஓ. புள்ளி எக்ஸ் 0000. விலையும் வேறு வேறு. மாமாவிடம் இருப்பது எக்ஸ். பெயரைப் போட்டுத் தேடினால் வீலுக்அப் முதலில் கண்ட வரிசையோடு நின்றுவிடும். கண்ணெதிரே இருக்கும் குறியீட்டையே 'இல்லை' என்று சொன்னால், ஒட்டும்போது பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியை நீக்கும் ட்ரிம் சூத்திரத்தைப் போட்டால் சரி.

பழைய விலைகளைச் சேர்த்து வைப்பவர்கள் பங்குப் பிரிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024இல் ஜோன் கீல்ஸ் கம்பனி ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. எண்ணிக்கையையும் பழைய விலையையும் திருத்தாவிட்டால் பெரும் நட்டம் வந்ததுபோல ஷீட் காட்டும்.

அமெரிக்கப் பங்குகள் வைத்திருந்தால் கூகுள்ஃபைனான்ஸ் அருமையான சாமான். விலை 20 நிமிடம் வரை பிந்தலாம், கணக்குப் பார்க்க அது போதும். ஒரு குறிப்பிட்ட நாளின் முடிவு விலையைக் கேட்டால் ஒற்றை எண் வராது, தலைப்போடு சின்ன அட்டவணையாக வரும். இன்டெக்ஸ் சூத்திரத்துக்குள் வைத்து 2ஆம் வரிசை, 2ஆம் நிரல் என்று கேளுங்கள், எண் மட்டும் வரும். ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டால் என்/ஏதான். இன்னொன்று, அட்டவணையில் வரும் திகதிக்குள் 16:00 என்று சந்தை மூடும் நேரமும் ஒளிந்திருக்கும். வெறும் திகதியை வைத்துத் தேடினால் பொருந்தாது. இன்ட் சூத்திரம் போட்டு நேரத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள்.

அப்புறம், டொலரை ரூபாயாக்க அதே சூத்திரத்தில் கரன்சி, முக்காற்புள்ளி, யூ.எஸ்.டி.எல்.கே.ஆர். என்று சேர்த்து எழுதினால் போதும். வங்கி உங்கள் கையில் தரும் விலை அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.