மாத்திரை வாங்க வராதவர்கள்

கேள்வி: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம்தான். ஆனாலும் செங்கல் சூளை வேலைக்குப் போகிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். அலட்சியம்தானே?
- பெண் சுகாதாரத் தன்னார்வலர், ஊத்தங்கரை

பதில்: மாத்திரைக்குக் காசில்லை, சரி. அதை வாங்க வந்தால் ஒரு நாள் கூலி போகிறதே! வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-லேயே எழுதினார். எழுதியதோடு விடாமல், வராதவர்களையும் தேடிப் போய் ஊருக்கே பிரஷர் பார்த்தார். உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவ’மும் அதே வழிதான்.

மாத்திரை கொடுக்கும்போதே அது தீரும் தேதியைப் பதிவேட்டில் குறியுங்கள். அந்தத் தேதி தாண்டியும் வராதவர் பெயரைத் தனித்தாளில் எழுதி, வேலைக்குக் கிளம்புமுன் அவர் வீட்டுக்குப் போங்கள். வெளியூர்ச் சூளைக்குப் போகிறவருக்கு 60 நாள் மாத்திரை தர முடியுமா என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு அவர் கையில் இருந்தால், போன ஊர் அரசு மருத்துவமனையில் காட்டலாம்.

விட்டவரிடம் ‘ஏன்’ என்று அதட்டாமல் கேளுங்கள். 130/80 என்று வந்ததும் குணமாகிவிட்டதாக நினைத்திருப்பார். மாத்திரையால்தான் அந்த அளவே வந்தது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். ‘கிட்னி போச்சு’ என்று பயந்து நிறுத்தியிருப்பார். மருத்துவரிடம் அனுப்புங்கள், வீக்கத்துக்குக் காரணம் மாத்திரைதானா என்று பார்த்து, தேவையானால் மாற்றித் தருவார்.

வீட்டில் அளக்கும்போது 5 நிமிடம் உட்காரவைத்த பிறகே பட்டையைக் கட்டுங்கள். பீடியோ டீயோ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடிக் காட்டும். பேச்சுக் கொடுத்தாலும் அப்படித்தான்!

கேள்வி: மாத அறிக்கைப்படி எங்களிடம் 70 சதவீதம் பேருக்குப் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அப்புறமும் பக்கவாதம் ஏன் குறையவில்லை?
- செவிலியர், தருமபுரி

பதில்: எதால் வகுத்தீர்கள்? பதிவானவர் 100, வந்தவர் 60, அவர்களில் 140/90-க்குக் கீழே இருப்பவர் 42 என்று வையுங்கள். வந்தவரால் வகுத்தால் 70 சதவீதம். பதிவானவரால் வகுத்தால் 42தான். வராத 40 பேரின் அளவு யாருக்கும் தெரியாது. பக்கவாதம் அங்கிருந்தும் வரும். கணக்கைத் தெருவாரியாகவும் பிரித்துப் போடுங்கள். ஊர்ச் சராசரியில் காலனித் தெரு காணாமல் போய்விடும்.